பரணில் கிடந்த லேப்டாப்பில் புரோகிராமிங் படிக்க எந்த இயங்குதளம்? போட்டுப் பார்த்த பதிவு

குளச்சல் பக்கம் கடலோர வீடொன்றில் பரணில் கிடந்த விலையில்லா லேப்டாப் இப்போது பிளஸ் ஒன் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளையின் மேசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. போட்டிருப்பது லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச ஓஎஸ் (இயங்குதளம்), அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த டெஸ்க்டாப் உள்ள பதிப்பு. பவர் பட்டனை அழுத்தி அரை நிமிடத்துக்குள் டெஸ்க்டாப் வந்துவிடுகிறது. சி++, பைத்தான் இரண்டும் ஓடுகின்றன, தமிழிலும் தட்டச்சலாம். அதே மாதிரி லேப்டாப் வீட்டில் கிடந்து, "புரோகிராமிங் படிக்க எந்த ஓஎஸ் போடலாம்?" என்று கேட்பவர்களுக்காகச் செய்த வேலையை வரிசையாக எழுதுகிறேன்.

ஓஎஸ் எது என்ற கேள்வி இரண்டாவதுதான். மெஷின் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டால் அதற்குப் பாதி விடை தானாக வந்துவிடும்.

முதலில் மெஷின்

14 அங்குலத் திரை, 64-பிட் இன்டெல் இரட்டைக் கோர், 2 ஜிபி டிடிஆர்3 ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள் பழைய பயாஸ், புதிய யூஇஎஃப்ஐ கிடையாது. ஆன் செய்தால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரையில் ஒன்றும் வராது.

உப்புக்காற்று படும் வீட்டு மெஷினில் இதைப் பார்த்ததும் மதர்போர்டு போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். முதலில் ரேமைக் கழற்றுங்கள். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்கிய பிறகே அடிமூடியைத் திறக்க வேண்டும். ரேமின் இரு பக்கமும் உள்ள கிளிப்பை வெளிப்பக்கம் விலக்கினால் அது சாய்வாக எழும்பும். அதன் அடிவிளிம்பில் உள்ள தொடுபட்டைகள் பொன்னிறமாக மின்ன வேண்டும். இதில் மங்கலாக, ஓரங்களில் பழுப்புப் படலத்தோடு இருந்தன. பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, துகளைப் பிரஷால் தட்டிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்ததும் பளபளப்பு திரும்பியது. பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பரைத் தொடவே கூடாது, பொன்பூச்சே உரிந்துவிடும். ஸ்லாட்டுக்குள் ரப்பரோ துணியோ நுழைக்க வேண்டாம். ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ் போதும். அது காய்ந்த பிறகு ரேமைச் சாய்வாகச் செருகி, இரு கிளிப்பும் டக்கென்று பிடிக்கும்வரை அழுத்தினால் சரி.

திரை வந்தது. கூடவே தேதி பல வருடம் பின்னால் காட்டியது. மதர்போர்டில் உள்ள சிஆர்2032 காசு பேட்டரி தீர்ந்திருக்கிறது. 40 ரூபாய் சமாச்சாரம், ஆனால் விட்டால் பின்னால் பெரிய தொல்லை. தேதி தவறாக இருந்தால் பிரவுசரில் எந்தத் தளமும் பாதுகாப்பானதில்லை என்று எச்சரிக்கை வரும்; லினக்ஸில் அப்டேட் கொடுத்தால் "ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று மறுக்கும். நெட்தான் சரியில்லை என்று நினைத்து ரவுட்டரைக் குடைந்துகொண்டிருப்போம். சில மாடல்களில் இந்தப் பேட்டரி ஹோல்டரில் இராது, ஒயரோடு ஷ்ரிங்க் உறையில் சுற்றி இருக்கும். அதற்கு ஒயர் வைத்ததையே கேட்டு வாங்க வேண்டும். வெறும் காசு பேட்டரியில் வீட்டில் ஈயம் வைத்து ஒட்டினால் சூட்டில் வெடிக்கும் ஆபத்து உண்டு.

மெயின் பேட்டரியில் சார்ஜ் நிற்கவில்லை. உப்பியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மேசையில் வைத்தால் ஆடுகிறது, மூடி சரியாக உட்காரவில்லை என்றால் கழற்றி எடுத்துவிட்டுச் சார்ஜரிலேயே ஓட்டுங்கள். அதைக் குத்தவோ வளைக்கவோ குப்பையில் எறியவோ கூடாது.

பென் டிரைவும் டவுன்லோடும்

மின்ட் எக்ஸ்எஃப்சிஇ ஐஎஸ்ஓ கோப்பு (ஓஎஸ் முழுவதும் அடங்கிய ஒரே கோப்பு) 3 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. தினம் 1.5 ஜிபி கிடைக்கும் மொபைல் பிளானில் ஒரே நாளில் இறங்காது, பிரவுசரில் பாதியில் அறுந்தால் பல சமயம் மறுபடி முதலிலிருந்து. அதனால் டோரன்ட் வழியாக இறக்குவதே நல்லது. விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடரும், இறங்கிய துண்டுகளை அதுவே சரிபார்த்தும் கொள்ளும். பிரவுசரில் இறக்கியிருந்தால் எஸ்எச்ஏ256 எண்ணை (கோப்பு சிதையாமல் இறங்கியதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) தளத்தில் உள்ளதோடு ஒப்பிடாமல் பென் டிரைவில் ஏற்ற வேண்டாம். இன்ஸ்டால் எழுபது சதவீதத்தில் நின்று போவதற்குக் கெட்டுப்போன ஐஎஸ்ஓவும் மட்டமான பென் டிரைவும்தான் பெரும்பாலும் காரணம்.

பல ஓஎஸ்களை ஒப்பிட வேண்டியிருந்ததால் ரூஃபஸுக்குப் பதில் வென்டாய் பயன்படுத்தினோம். இரண்டும் பூட் ஆகும் பென் டிரைவை உருவாக்கும் கருவிகள். 32 ஜிபி பென் டிரைவில் ஒருமுறை வென்டாயை நிறுவிவிட்டால், அதன்பின் ஐஎஸ்ஓ கோப்புகளைச் சாதாரணமாகக் காப்பி செய்து போட்டாலே போதும். பூட் ஆகும்போது பட்டியல் வரும், வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். நிறுவும்போது பென் டிரைவில் உள்ளதெல்லாம் அழியும். பூட் மெனு பல லேப்டாப்களில் எஃப்12, சிலவற்றில் எஃப்9 அல்லது எஸ்கேப்.

லைவில் ஏறியதும் எதைச் சோதிக்க வேண்டும்

லைவ் என்றால் டிஸ்கில் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓஎஸ்ஸை ஓட்டிப் பார்ப்பது. வேகத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், பென் டிரைவிலிருந்து ஓடும்போது எதுவும் மெதுவாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது வைஃபை பட்டியல் வருகிறதா, ஒலி, டச்பேடு, எல்லாச் சாவிகளும், வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் சாவி, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா. சாவிகளில் அடைப்புக்குறி, அரைப்புள்ளி, சாய்கோடு மூன்றையும் கட்டாயம் அழுத்திப் பாருங்கள். கதை தட்டச்ச இவை இல்லாமல் ஒப்பேற்றலாம், நிரல் எழுத முடியாது.

பிறகு ஹார்ட் டிஸ்க். மின்டில் "டிஸ்க்ஸ்" என்ற செயலியைத் திறந்து, மேலே உள்ள மெனுவில் ஸ்மார்ட் தகவலை (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியல்) பார்த்தால் போதும். 5-ஆம் எண், மாற்றி ஒதுக்கிய செக்டர்கள் (டிஸ்கில் தரவு எழுதும் சிறு பகுதிகள்). 197-ஆம் எண், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். இரண்டும் சுழியமாக இருக்க வேண்டும். இதில் 197 சுழியம் இல்லை. இந்த டிஸ்கில் எந்த ஓஎஸ் போட்டாலும் சில மாதத்தில் உறையத் தொடங்கும், பழி ஓஎஸ் தலையில் விழும். டிஸ்கை மாற்றியே ஆக வேண்டும் என்பது இங்கே முடிவாயிற்று. பழைய டிஸ்கில் இருந்த குடும்பப் புகைப்படங்களை முதலில் வேறு இடத்துக்கு மாற்றினோம். செக்டர் போகத் தொடங்கிய டிஸ்கில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

எஸ்எஸ்டியும் ரேமும்

2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்), 240 ஜிபி. பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர். உலோகத் தட்டில் பக்கவாட்டு ஸ்க்ரூ நான்கையும் போட்டால் ஆடாது, தட்டே இல்லாத மாடலில் 2.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் சட்டத்தை மேலே ஒட்ட வேண்டும். டிவிடி டிரைவைக் கழற்றி அந்த இடத்தில் எஸ்எஸ்டியை வைக்க உதவும் சட்டமும் (கேடி என்பார்கள்) கடையில் கிடைக்கிறது. ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அது உதவும், இங்கே தேவைப்படவில்லை.

ரேமில் கவனிக்க வேண்டியது மின்னழுத்தம். டிடிஆர்3 என்றால் 1.5 வோல்ட், டிடிஆர்3எல் என்றால் 1.35 வோல்ட். இரண்டும் 204 பின், ஒரே வெட்டு, ஒரே அளவு. டிடிஆர்3எல் பொதுவாக 1.5 வோல்ட் ஸ்லாட்டிலும் வேலை செய்யும். 1.35 வோல்ட் மட்டும் தரும் புதிய மெஷினில் பழைய டிடிஆர்3யைச் செருகினால் திரையே வராது. ஆகவே எது வேண்டும் என்று தெரியாத இடத்தில் டிடிஆர்3எல் வாங்குவதே பத்திரம். இரண்டாவது ஸ்லாட்டில் பழைய 4 ஜிபி ஒன்றைச் செருகி, மொத்தம் 6 ஜிபி. பூட் மெனுவிலிருந்து மெம்டெஸ்டை (ரேமைச் சோதிக்கும் கருவி) ஒரு சுற்று முழுதாக ஓடவிட்ட பிறகே அடுத்த வேலை.

எந்த ஓஎஸ்? போட்டுப் பார்த்தவை

விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கும், இந்த மெஷினில் அது கிடையாது. குறுக்குவழியில் ஏற்றலாம்தான், ஆனால் படிக்கிற பிள்ளைக்கு அப்டேட் எப்போது நிற்கும் என்று தெரியாத மெஷினைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒப்பிட்டவை எல்லாம் லினக்ஸ் வகைகள்; சின்னமன் என்பது மின்டின் இன்னொரு டெஸ்க்டாப். லைவில் ஏறி, எதையும் திறக்காமல் இரண்டு நிமிடம் விட்டு, டெர்மினலில் ஃப்ரீ கட்டளை கொடுத்து ரேம் பயன்பாட்டைப் பார்த்தோம். வழக்கமான உபுண்டு 1.3 ஜிபியைத் தொட்டது. மின்ட் சின்னமன் 1.1 ஜிபி, மின்ட் எக்ஸ்எஃப்சிஇ 750 எம்பி, லுபுண்டு 600 எம்பி, ஆன்டிஎக்ஸ் 300 எம்பிக்குள். எல்லாம் ஏறத்தாழ, மெஷினுக்கு மெஷின் மாறும்.

ஆன்டிஎக்ஸ் எடை குறைவானதுதான். ஆனால் வைஃபை இணைப்பதிலிருந்து பென் டிரைவைக் கழற்றுவதுவரை மற்றவற்றில் பழகியது போல இருக்காது. நிரல் கற்க வந்தவர் அந்த நேரத்தை மெனுவில் செலவிடுவார். 2 ஜிபிக்கு மேல் ரேம் ஏற்றவே முடியாத மெஷினுக்கும் 32-பிட் புராசசர் மட்டும் உள்ள மெஷினுக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டிஎக்ஸ் 23-க்கு 32-பிட் பதிப்பு உண்டு, மின்ட் 22-க்கும் லுபுண்டுவுக்கும் கிடையாது.

லுபுண்டு நன்றாகவே ஓடியது. விட்டதற்குக் காரணம் ஆதரவுக் காலம்: லுபுண்டு 24.04-க்கு மூன்று ஆண்டு, 2027 வரை. அதே உபுண்டு 24.04-இன் மேல் கட்டிய மின்ட் 22-க்கு 2029 வரை. இன்று பிளஸ் ஒன் படிப்பவர் கல்லூரியில் கணிசமான காலத்தை மறுபடி இன்ஸ்டால் செய்யாமலே கடக்கலாம். கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பும் டைம்ஷிஃப்ட் என்ற கருவியும் மின்டில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. அதன் அருமை கீழே வரும்.

மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இந்த லேப்டாப்பிலேயே முதலில் விண்டோஸோடு இருந்தது. டெபியன் அடிப்படை, இந்திய மொழி ஆதரவு நல்லது. ஆனால் ஒரு பிழைச்செய்தியை இணையத்தில் தேடினால் உபுண்டுவுக்கும் மின்டுக்கும் கிடைக்கும் அளவு விடை அதற்குக் கிடைக்காது. தொடக்கக்காரருக்கு இது ரேமைவிட முக்கியம். களியக்காவிளை தாண்டினால் கேரளப் பள்ளிகளில் அந்த அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் தரும் கைட் குனூ/லினக்ஸ்தான். அதுவும் உபுண்டு அடிப்படை. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் உறவினர் வீட்டில் அதைப் பார்த்துப் பழகிய பிள்ளை என்றால் மின்டின் கட்டளைகள் எல்லாம் அதே மாதிரிதான் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை.

காலி லினக்ஸ் வேண்டும் என்று கேட்கும் மாணவர்கள் நிறைய. லினக்ஸ் பழக்கமில்லாதவர்களுக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை என்று காலியின் சொந்த ஆவணமே சொல்கிறது. அது பாதுகாப்புச் சோதனை செய்பவர்களின் கருவிப்பெட்டி.

விண்டோஸ் 11 உள்ள புதிய லேப்டாப் வைத்திருப்பவர் எதையும் அழிக்க வேண்டியதில்லை. நிர்வாகி உரிமையோடு பவர்ஷெல்லைத் திறந்து டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) இன்ஸ்டால் கட்டளை கொடுத்தால் உள்ளேயே உபுண்டு வந்துவிடும். இரட்டை பூட்தான் வேண்டும் என்றால் முதலில் டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கரின் ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் பக்கம் திரும்பும்போது 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கும்.

இன்ஸ்டால்

முதலில் சின்னமன் பதிப்பைத்தான் எஸ்எஸ்டியில் ஏற்றினோம், பார்க்க அழகு என்பதால். ஃபயர்ஃபாக்ஸில் நாலு டேப், பக்கத்தில் எடிட்டர் என்று திறந்ததும் பழைய இன்டெல் கிராபிக்ஸில் ஜன்னல்கள் நகரும்போது திக்கின. எக்ஸ்எஃப்சிஇக்கு மாறியதும் அந்தத் திக்கல் இல்லை. இந்தக் காலத்து மெஷினுக்கு ரேம் போதுமானதாக இருந்தாலும் எக்ஸ்எஃப்சிஇயே பொருத்தம்.

இன்ஸ்டாலரில் கவனம் வேண்டிய இடங்கள் மூன்று. கீபோர்டு அமைப்பு அமெரிக்க ஆங்கிலம். பிரிட்டன் ஆங்கிலம் என்று விட்டுவிட்டால் இரட்டை மேற்கோளும் அட் குறியும் இடம் மாறும், ஹாஷ் குறி இருக்க வேண்டிய இடத்தில் பவுண்டு வரும். பிள்ளை நிரலில் மேற்கோள் போட முடியாமல் தவிக்கும். பயனர் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். மல்டிமீடியா கோடெக்ஸ் என்ற பெட்டியை டிக் செய்யுங்கள், பாட வீடியோக்களுக்கு வேண்டும்.

கரண்ட் பற்றி ஒரு வார்த்தை. குமரியில் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் உண்டு. காற்றடித்தால் ரப்பர் மரக்கொப்பு கம்பியில் விழும், கரண்ட் போகும். பேட்டரி செத்த லேப்டாப்பில் இன்ஸ்டாலோ அப்டேட்டோ நடுவில் அணைந்தால் மென்பொருள்களை நிறுவும் பேக்கேஜ் அமைப்பு பாதியில் நிற்கும். இன்வெர்ட்டர் லைனில் செருகிச் செய்யுங்கள். அப்படியும் அணைந்துவிட்டால் டெர்மினலில் "சூடோ டிபிகேஜி", அதோடு இரட்டைக் கோடு போட்டு கன்ஃபிகர், ஒற்றைக் கோடு போட்டு ஏ. நிறைய சமயம் இந்த ஒரு வரியே விட்ட இடத்திலிருந்து முடித்துவிடும்.

வைஃபை

இன்ஸ்டால் முடிந்தும் வைஃபை பட்டியல் காலி. சில வைஃபை சிப்களின் டிரைவர் கட்டற்ற உரிமத்தில் இல்லாததால் தானாக இயங்காது. பிராட்காம் சிப் உள்ள பழைய லேப்டாப்களில் இது வழக்கம். போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போனில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் மின்ட் அதை ஒயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும், டிரைவர் எதுவும் வேண்டாம். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்து பிராட்காம் எஸ்டிஏ டிரைவரைத் தேர்ந்து, ரீஸ்டார்ட். அவ்வளவுதான். செக்யூர் பூட் உள்ள புதிய மெஷினில் இதே வேலைக்கு ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ரீஸ்டார்ட்டில் வரும் நீலத்திரையில் எம்ஓகே பதிவு என்பதைத் தேர்ந்து அதே பாஸ்வேர்டைத் தர வேண்டும். அந்தத் திரையைக் கவனிக்காமல் விட்டால் டிரைவர் ஏறியிருந்தும் வேலை செய்யாது.

நிரல் எழுதும் கருவிகள்

முதலில் "சூடோ ஆப்ட் அப்டேட்". அடுத்து ஆப்ட் இன்ஸ்டால் வழியாக பில்ட்-எசென்ஷியல், ஜீனி, தானி, பைத்தான்3-வென்வ், பைத்தான்3-டாக். சி, சி++ நிரல்களைக் கம்பைல் செய்யும் ஜிசிசி, ஜி++ இரண்டும் பில்ட்-எசென்ஷியலிலேயே வந்துவிடும். ஜீனியும் தானியும் நிரல் எழுதும் எடிட்டர்கள்.

விஎஸ் கோடு என்ற பிரபல எடிட்டரைப் போடவில்லை. பைத்தான் நீட்சியோடு திறந்தால் அது ஒன்றே ஒரு ஜிபிக்கு அருகில் ரேம் எடுத்தது, கூடவே ஒவ்வொரு எழுத்துக்கும் அடுத்த வரியைத் தானே நீட்டிக் காட்டியது. முதல் சில மாதங்களில் அது கற்பவருக்கு இடைஞ்சல் என்பது என் கருத்து. தானி எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் தொடக்கக்காரர்களுக்கென்றே உருவானது. ஒரு வரியை எப்படிப் படிப்படியாகக் கணக்கிடுகிறது, மாறியில் என்ன இருக்கிறது என்று பக்கத்திலேயே காட்டும். பைத்தானுக்கு அது. சி++க்கு ஜீனி: எஃப்9 அழுத்தினால் பில்ட், எஃப்5 அழுத்தினால் ரன்.

பைத்தான்3-டாக் சேர்த்ததற்குக் காரணம் சிக்னல். பேச்சிப்பாறை, குலசேகரம் மலைப்பக்கம் நெட் இல்லாத நேரம் அதிகம். முழுப் பைத்தான் கையேடும் டிஸ்கிலேயே இருக்கும், பிரவுசரில் திறந்து படிக்கலாம்.

பாடப்புத்தகத்தோடு எங்கே முட்டும்

பிளஸ் ஒன் பாடத்தில் சி++, டெவ் சி++ வழியாக. பிளஸ் டூவில் பைத்தானும் எஸ்கியூஎல்லும். டெவ் சி++ விண்டோஸுக்கானது, நிரல்கள் அப்படியே ஜி++இல் ஓடும். முட்டுவது பழைய டர்போ சி++ காலத்து நோட்டுகளில்தான். வாய்டு மெயின் என்று எழுதினால் ஜி++ ஏற்காது, இன்ட் மெயின் என்றே வேண்டும். கோனியோ என்ற ஹெட்டர் லினக்ஸில் இல்லை, ஆகவே கிளியர்ஸ்கிரீன், கெட்சிஎச் வரிகளை எடுத்துவிட வேண்டும். ஐயோஸ்ட்ரீமுக்குப் பின்னால் புள்ளி எச் கூடாது. கீழே யூஸிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி வரி வேண்டும். சி நிரலில் வர்க்கமூலம் கணக்கிட்டால் "அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்" என்று பிழை வந்தால் கம்பைல் வரியின் கடைசியில் ஒரு கோடு, எல், எம் என்ற இரண்டு எழுத்து சேர்த்தால் போதும்.

கம்பைல் செய்த நிரலின் பெயரை மட்டும் டெர்மினலில் தட்டினால் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" வரும். முன்னால் புள்ளியும் சாய்கோடும் வேண்டும். இருக்கும் ஃபோல்டரில் தானாகத் தேடுவது பாதுகாப்புக் காரணத்தால் கிடையாது. கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறு வேறு. விண்டோஸில் ஓடிய நிரல் இங்கே சிஎஸ்வி கோப்பைக் காணோம் என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

பைத்தான் என்று மட்டும் தட்டினால் கட்டளை இல்லை என்று சொல்லும், பைத்தான்3 என்று தட்ட வேண்டும். புத்தகத்தில் உள்ளபடியே தட்ட விரும்பினால் பைத்தான்-ஈஸ்-பைத்தான்3 என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது.

பெரிய குழப்பம் பைத்தான் நூலகங்களை இறக்கி நிறுவும் பிப்பில் வரும். நேரடியாக பிப் இன்ஸ்டால் கொடுத்தால் "இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்" என்று மறுக்கும். ஓஎஸ்ஸே பைத்தானை நம்பி ஓடுவதால் அதன் நூலகங்களைக் கலைக்கவிடாத பூட்டு அது. இணையத்தில் சிலர் சொல்லும் "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்" என்ற விருப்பத்தைச் சேர்த்துத் தள்ளிவிட வேண்டாம். பாட ஃபோல்டருக்குள் போய் வென்வ் (தனிப் பைத்தான் சூழல்) ஒன்றை உருவாக்கி, அதை ஆக்டிவேட் செய்து, பிறகு பிப். டெர்மினல் வரியின் முன்னால் அடைப்புக்குள் வென்வ் பெயர் தெரிந்தால் சரியான இடத்தில் இருக்கிறோம். தானியில் வேலை செய்தால் அதன் மெனுவிலேயே பேக்கேஜ் மேலாளர் உண்டு.

தமிழ்

மின்டின் லேங்குவேஜஸ் அமைப்பில் தமிழைச் சேர்த்து, தட்டச்சு மொழியை மாற்றித் தரும் ஐபஸ், ஐபஸ்-எம்17என் இரண்டையும் நிறுவி, வெளியேறி மறுபடி உள்ளே வந்தால் தமிழ்99 பட்டியலில் கிடைக்கும். மொழி மாற்றும் சாவி சூப்பரும் ஸ்பேஸும். அதை கன்ட்ரோல் ஸ்பேஸாக மாற்ற வேண்டாம், ஜீனியில் சொல்லை நிரப்பித் தரும் சாவி அதுதான்.

இங்கே ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டெர்மினலிலும் தானியிலும் தமிழ் உடைந்து தெரியும். ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். நிரலில் தவறில்லை, அந்த ஜன்னல்கள் தமிழ் எழுத்தைக் கோத்துக் காட்டத் தெரியாதவை. ஜீனியில் சரியாகத் தெரியும். வெளியீட்டை ஒரு கோப்பில் எழுதவைத்து ஜீனியில் திறந்து பார்த்தால் சந்தேகம் தீரும்.

தமிழ் வந்ததும் பிள்ளைகள் முதலில் செய்து பார்க்க வேண்டிய பயிற்சி ஒன்று உண்டு. "கன்னியாகுமரி" என்ற சொல்லின் நீளத்தை லென் கொண்டு கேளுங்கள். நாம் எண்ணினால் க, ன், னி, யா, கு, ம, ரி என்று ஏழு எழுத்து. பைத்தான் 12 என்று சொல்லும். புள்ளி ஒன்று, துணைக்கால் ஒன்று, இகரக் குறி இரண்டு, உகரக் குறி ஒன்று ஆகிய ஐந்தும் யூனிகோடில் தனிக் குறியீடுகள். அடிப்படை எழுத்து ஏழோடு சேர்ந்து 12. சரத்தைத் திருப்பிப் போடும் நிரலை இதே சொல்லில் ஓடவிட்டால் குறிகள் தம் எழுத்தை விட்டு வேறு எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், முதலில் வரும் இகரக் குறி தனியாக நிற்கும். எழுத்து, குறியீடு, பைட் மூன்றும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

கையில் கொடுக்கும் முன்

எல்லாம் ஓடுகிறது என்று உறுதியான உடனே டைம்ஷிஃப்டில் ஒரு ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் பிரதி). ஆர்சிங்க் முறை, இரண்டு பிரதி மட்டும் வைத்துக்கொள்ளும்படி. தினப்பிரதி வைத்தால் 240 ஜிபி சீக்கிரம் நிறையும். பிள்ளை எதையோ நீக்கி டெஸ்க்டாப்பே வராமல் போனாலும் மின்ட் பென் டிரைவிலிருந்து ஏறி அதே டைம்ஷிஃப்டைத் திறந்து பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். டைம்ஷிஃப்ட் கணினி அமைப்பை மட்டும்தான் காக்கும். பிள்ளை எழுதிய நிரல்கள் அதில் சேராது. அவற்றுக்குத் தனியாக ஒரு பென் டிரைவ்.

செலவு

எஸ்எஸ்டி 1,700 ரூபாய், பழைய ரேம் 4 ஜிபி 500, காசு பேட்டரி 40, பென் டிரைவ் 350, தெர்மல் பேஸ்ட் (புராசசர் சூட்டைக் கடத்தும் பசை) 150. மொத்தம் 2,740 ரூபாய். கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் விலை மாறும். எஸ்எஸ்டியில் மட்டும் பில்லும் வாரண்டியும் இல்லாமல் வாங்காதீர்கள். கையில் குறைவாகவே காசு இருந்தால் எஸ்எஸ்டி முதலில், ரேம் பிறகு. 2 ஜிபியிலேயே ஓட்ட வேண்டிய இடத்தில் இசட்ரேம்-டூல்ஸ் (ரேமில் உள்ளதைச் சுருக்கி இடம் தரும் கருவி) நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் சதவீதத்தை 50 என்று வைத்தால் தானியும் ஒரே ஒரு பிரவுசர் டேபும் தாக்குப்பிடிக்கும்.

அடுத்த மெஷினில் வரிசையைக் கொஞ்சம் மாற்றுவேன். ஸ்மார்ட் சோதனையை எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன். டிஸ்க் போகும் நிலையில் இருக்கும்போது அதிலிருந்து பழைய விண்டோஸை பூட் செய்து பார்ப்பதே புகைப்படங்களுக்கு ஆபத்து. சின்னமனை ஏற்றிப் பார்க்கும் வேலை வேண்டாம். ரேம் கழற்றும்போதே வைஃபை கார்டின் மேல் உள்ள எண்ணையும் குறித்துக்கொண்டால் டிரைவர் தேடும் நேரம் மிச்சம்.

இந்த மெஷினில் தீராமல் நிற்பது ஒன்று. மூடியை மூடித் திறந்தால் சில சமயம் திரை கறுப்பாகவே நிற்கிறது. பவர் மேனேஜரில் மூடியை மூடினால் திரையை மட்டும் அணை என்று வைத்திருக்கிறோம், ஸ்லீப் முழுக்க நிறுத்தம். எஸ்எஸ்டியில் அரை நிமிடத்தில் பூட் ஆவதால் ஷட்டவுன் செய்து வைப்பதே போதுமானதாக இருக்கிறது.